நாகப்பன் மாமா தானாக ஏறவில்லை

கேமரன் மலை,
21-11-1954.

அன்புள்ள மகன் செல்லையாவுக்கு, அப்பா மாடசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி சரோஜாவும் தெய்வம் வைத்த அளவில் இருக்கிறோம், அங்கே நீ ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். நீ புரட்டாசியில் போட்ட கடிதமும் கிடைத்தது, தீபாவளிக்குப் போட்டதும் கிடைத்தது. இரண்டுக்கும் சேர்த்துச் சரோஜா கையால் நாலு வரிதான் வந்தது, எல்லோரும் சௌக்கியம், முறுக்கு சுட்டோம் என்று. அது நான் சொல்லி அவள் எழுதியது. முறுக்கு சுடவில்லை அய்யா, இந்த வருஷம் நம் லயத்தில் ஒரு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத பொழுதில் உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் இங்கே தபாலில் போடப் போவதில்லை. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற மீரான் பாயை உனக்குத் தெரியும், அவர் தம்பி கமருஸ்ஸமான் இந்த வாரம் பினாங்கில் கப்பல் ஏறுகிறார், நாகப்பட்டினத்தில் இறங்கியதும் உன் விலாசத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து யார் கடிதத்தை யார் பிரித்துப் படிப்பார்கள் என்று இங்கே சொல்வதற்கில்லை, அதனால்தான்.

மழை பிடித்துக்கொண்டுவிட்டது, நாலு நாளாக எதிர் மலை தெரியவில்லை. நீ போன பிறகு லயத்தைச் சுற்றி இன்னொரு வரிசை முள்கம்பி போட்டிருக்கிறார்கள், மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது, காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம், கேட்டில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அம்மா வெறும் வயிற்றோடு மலையேறி ஏறி வயிற்றுவலியை இழுத்துக்கொண்டிருக்கிறாள். சரோஜா இந்த வருஷம் ஆறாவது முடிக்கிறாள், கணக்கில் உன்னை மாதிரி.

நீ உன் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். காலேஜில் ஒரு வாரம் பட்டறையில் லேத்து, வெல்டிங், என்ஜின் என்று நிற்கவிட்டு மறு வாரம் வகுப்பில் ஒரு ஃபேக்டரியை எப்படி நடத்துவது, ஆட்களுக்கு எப்படி வேலை பிரித்துக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், இந்த இரட்டைப் படிப்பு எனக்கு அலுத்துவிட்டது, மற்ற பையன்கள் வெள்ளைச் சட்டை கசங்காமல் நிர்வாகப் படிப்பு மட்டும் படித்து அதே பட்டம் வாங்கிப் போகிறார்கள், நாளைக்கு மேசையில் உட்காரப் போகிறவனுக்கு இந்தக் கிரீஸ் எதற்கு அப்பா, நானும் அந்தப் பக்கம் மாறிக்கொள்ளட்டுமா என்று எழுதியிருந்தாய். பதில் சொல்ல எனக்கு இரண்டு மாசம் ஆகிவிட்டது. சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு படிக்கிறாயானால் எங்காவது உட்கார்ந்துகொள். நம் நாகப்பன் மாமா காலமாகிவிட்டார். செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பதினாறு வருஷம் நம் தேயிலை ஃபேக்டரியில் என் பக்கத்தில் நின்ற மனுஷன், அடுத்த வீட்டுக்காரன், நீ கப்பலுக்குப் போன அன்று உன் பெட்டியை யாரையும் தொடவிடாமல் பஸ் வரைக்கும் தோளில் வைத்துக் கொண்டுபோனவன். உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத முடியாமல் செய்துகொண்டவன் நான்தான், அது எப்படி என்று கேள்.

ஃபேக்டரியில் மேலே உத்தரத்தை ஒட்டி ஒரு நீளத் தண்டு சுற்றுமே, அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி இலை உருட்டுகிற ஒவ்வொரு ரோலரையும் சுற்ற வைக்குமே, அதில் மூன்றாம் நம்பர் ரோலரின் பெல்ட்டுக்குத் தையல் விட்டுப்போயிருந்தது. புதுப் பெல்ட் கீழே தாப்பாவிலிருந்து வர வேண்டும், மலைப்பாதையில் லோரிகளைச் சுட்டுவிட்டார்கள் என்று பத்து நாளாக ஒரு சாமானும் மேலே ஏறவில்லை. நானும் மாமாவும் பழையதையே தைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அது மறுபடி கழன்று விழுந்தது. நான் சின்ன துரையிடம் போய், என்ஜினை அரை மணி நேரம் நிறுத்தினால் நன்றாகத் தைத்துப் போட்டுவிடலாம் என்று சொன்னேன். பழைய துரை ஊருக்குப் போன பிறகு வந்த பிள்ளை இவர், புத்தகத்தில் ஃபேக்டரியைப் பார்த்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஸ்பேனர் பிடித்ததில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று கொழுந்து அதிகம், ஆறு மணிக்குள் எல்லா ஆளும் கம்பிக்கு உள்ளே போயாக வேண்டும், நிறுத்தினால் இலை முழுவதும் புளித்துப்போகும். நிறுத்தக்கூடாது, ஓடும்போதே மாட்டு என்றார். துரை, ஓடும்போது மாட்டினால் ஆளை இழுக்கும் என்றேன். நீ மாட்டுகிறாயா, மாட்டுகிற ஆளை நான் தேடட்டுமா என்றார். நான் என்ஜின் டிரைவர் செல்லையா. நிறுத்துகிற பிடி என் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. யாரையும் கேட்காமல் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏணியை எடுக்க நான் போனபோது மாமா என் தோளைப் பிடித்து, "நீ என்ஜின்கிட்ட நில்லு லா, ஏதாச்சும் ஆனா ஒனக்குத்தான் டக்குனு நிறுத்தத் தெரியும், நான் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். குளிருக்கு அவர் எப்போதும் போடுகிற கம்பளிச் சட்டை, கை நீளம். பெல்ட் சக்கரத்தில் ஏறியது, சட்டைக் கையும் கூடவே ஏறியது. நான் பிடியை இழுத்துவிட்டேன், ஆனால் அவ்வளவு பெரிய சக்கரம் சொன்னவுடன் நிற்காது, உனக்குத் தெரியும். அது நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உயிர் இருந்தது. லோரியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், மணி ஐந்தே முக்காலுக்கு கேட்டுக்கு வந்துவிட்டோம். கேட்டில் இருந்த ஆட்கள், இதற்கு மேல் வெளியே விட்டால் எங்கள் தலை போகும், காவல் வண்டி துணைக்கு வராமல் ரோட்டில் போகக்கூடாது என்று மறித்துவிட்டார்கள். டெலிபோன் கம்பியை இரண்டு நாளைக்கு முன்னால் எவனோ அறுத்திருந்தான். சின்ன துரையை மட்டும் விட்டார்கள், ஆளைப் படுக்க வைக்க இடமில்லாத தன் காரில் அவர் போய்க் காவல் வண்டியைக் கூட்டிக்கொண்டு வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் மாமாவின் தலை என் மடியில் இருந்தது. ஒரு தரம் கண்ணைத் திறந்து, "மூணாம் நம்பரு ஓடுதா?" என்றார். ஓடுது மச்சான் என்று சொன்னேன். பாதி வழியில் பிரிஞ்சாங் கூடத் தாண்டவில்லை, போய்விட்டார்.

மறுநாள் காலையில் கம்பெனிக் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை முன்னால் வைத்தார். இங்கிலீசில் டைப் அடித்திருந்தது. நாகப்பன் யாரும் சொல்லாமல், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தானாக ஏணியில் ஏறினார், பக்கத்தில் இருந்து பார்த்த நான் தடுத்தும் கேட்கவில்லை, இதுதான் அதில் இருந்தது, அவரே தமிழில் படித்துச் சொன்னார். இது நடந்த மாதிரி இல்லையே ஐயா என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "மாடசாமி, ஒம் மவன் கம்பெனி உதவியில படிக்கிறான். இது இப்ப என்ன காலம்னு ஒனக்குத் தெரியும். தோட்டத்துல எதுத்துப் பேசுறவன் காட்டுக்காரனோட ஆளுன்னு ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போனவன் போயிட்டான், இருக்கிறவனப் பாரு" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். உன்னை நினைத்துத்தான் போட்டேன் என்று உன் மேல் பழியைப் போட மாட்டேன். உன்னையும் நினைத்தேன், என்னையும் நினைத்தேன், பயந்தேன். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துதான் மாமாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனோம், தலைமாட்டில் ஒரு பக்கம் நான் பிடித்தேன்.

பதினைந்து நாள் கழித்து மாமா வீட்டில் ருக்குமணி அத்தைக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. அவளுக்கு மூச்சிரைப்பு வந்து கொழுந்து வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது, அதனால் அந்த வீட்டில் தோட்டத்துப் பேரேட்டில் இருக்கிற ஆள் என்று இனி யாரும் இல்லை, மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும், புருஷன் தன் கவனக்குறைவால் செத்ததால் கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள். தோட்டத்தை விட்டால் அரிசிக் கார்டு இல்லை, பதிவு இல்லாமல் வேறு எந்த ஊர்க் கம்பத்திலும் உள்ளே விட மாட்டார்கள், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினால் அங்கே அவளுக்கு யாரும் இல்லை. அவள் நேரே நம் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "அண்ணே, அவரு யாரு பேச்சும் கேக்காம தானா ஏறுனாருன்னு எழுதியிருக்காங்களாமே. நீங்க பக்கத்துலதான நின்னீங்க. அவரு அப்படி ஏறுற ஆளா?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். அவள் போன பிறகு அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்து, என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "அந்தப் புள்ளைங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு நம்ம வாசல் வழியாத்தான் போவணும். நீங்க உள்ள இருப்பீங்களா, வெளிய நின்னு பாப்பீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் பாஸ் வாங்கிக்கொண்டு தானா ராத்தா போனேன், சாமான் வாங்க என்று சொல்லி. மீரான் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடையைத் தன் மகள் ஹஃபீசாவிடம் விட்டுவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, "கவர்மெண்டு தொழிலாளர் துரை புதன்கிழமை இங்க வர்றாரு லா. நான் கூட்டிட்டுப் போறேன், நீ உள்ளதச் சொல்லு. ஆனா ஒண்ணு மாடசாமி, சொன்ன பெறகு அந்தத் தோட்டத்துல நீ இருக்க முடியாது, அத இப்பவே மனசுல வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டுதான் போனேன். ஐப்பசி முதல் வாரத்தில் விசாரணை நடந்தது, சின்ன துரை வந்திருந்தார், பெரிய கிராணி வந்திருந்தார், ருக்குமணி அத்தையும் பெரிய மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், பெல்ட்டு, அரை மணி நேரம் கேட்டது, நிறுத்தக்கூடாது என்றது, நான் பிடியைத் தொடாமல் நின்றது, எல்லாம். மொழிபெயர்க்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் முதலில் ஏன் வேறு மாதிரி கையெழுத்துப் போட்டாய் என்று தொழிலாளர் துரை கேட்கிறார் என்றார். "பயந்துட்டேன் ஐயா" என்று சொன்னேன். பிறகு சின்ன துரையைக் கேட்டார்கள். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் ஆமாம், நான்தான் ஓடும்போது மாட்டச் சொன்னேன் என்றார்.

மாமா தானாக ஏறவில்லை என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டது. அத்தைக்கு வீடு இருக்கிறது, பெரிய மகள் வேலைக்குப் போகிற வயசு வரும்வரைக்கும் காலி பண்ணச் சொல்லக்கூடாது என்று உத்தரவு, சட்டப்படி சேர வேண்டிய நஷ்டஈடும் சேரும். சின்ன துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். என்னை ஃபேக்டரியிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டார்கள், ஒரு வாரம் வெட்டினேன். பிறகு போலீஸ் வந்து, காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுக்கிறாயா என்று கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, அம்மாவும் கேட்டாள், நீயும் கேட்பாய், அடிக்கவில்லை. மீரான் பாய் வந்து எனக்காகப் பேசிக் கூட்டி வந்தார். இந்த மாசக் கடைசியோடு இங்கே நமக்கு வேலை முடிகிறது. ஈப்போவில் மீரான் பாயின் மருமகன் நசுருதீன் லோரி ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார், அங்கே எனக்கு வேலை உண்டு, பின்னால் இரண்டு அறை தருகிறார்கள், சரோஜாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். விலாசம் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, இந்த வகுப்புப் பருவம் முடிந்ததும் உன் படிப்புக்கான உதவியை நிறுத்திக்கொள்கிறோம் என்று. உனக்கும் தனியாக அனுப்பியிருப்பார்கள், அது முதலில் வந்திருந்தால் ஒன்றும் புரியாமல் தவித்திருப்பாய், அதற்காக என்னை மன்னித்துக்கொள். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது உனக்கு. வந்துவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இருந்து படி என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஈப்போவிலிருந்து நான் அனுப்ப முடிந்ததை அனுப்புவேன், அது போதாது என்றும் எனக்குத் தெரியும். நீ உங்கள் பிரின்சிபாலைப் போய்ப் பார். நடந்ததை மறைக்காமல் சொல். உனக்கு லேத்து தெரியும், வெல்டிங் தெரியும், காலேஜ் பட்டறையிலோ ஊருக்குள் யாராவது பட்டறையிலோ வகுப்பு முடிந்த பிறகு வேலை கிடைக்குமா என்று கேள். நீ விட்டுவிடட்டுமா என்று கேட்டாயே, அந்தக் கிரீஸ்தான் இப்போது உனக்குச் சோறு போட வேண்டும் போலிருக்கிறது. அதை விடாதே. அதே மாதிரி வகுப்பையும் விடாதே. அரை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, சொல்கிற அதிகாரம் இல்லை. அவருக்கு அதிகாரம் இருந்தது, அரை மணி நேரம் எதற்கு என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் என்று நான் இந்த இரண்டு மாசமாக யோசிக்காத நாள் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்ததே போதுமாயிருந்தது அய்யா, கையை நீட்டிப் பிடியை இழுத்திருந்தால். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், படிப்பு இல்லாததுதான் காரணம் என்று நீ எனக்குச் சாக்குத் தேடக்கூடாது.

குளிர்காலத்தில் காலையில் பட்டறைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போடாதே, போட்டால் முழங்கைக்கு மேல் இறுக்கி மடித்துக்கொள். சாப்பாட்டைக் குறைத்துப் படிக்காதே. யாராவது கேலி பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். முருகன் உனக்குத் துணையாக இருப்பான், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் சரோஜாவின் அன்பும் இதில் இருக்கிறது, என் ஆசீர்வாதமும் பலிக்குமென்றால் முழுசாக உனக்குத்தான்.

மறக்காமல் ஒன்று செய். ருக்குமணி அத்தைக்கு ஒரு கடிதம் போடு. விசாரணையில் நான் முதலில் போட்ட கையெழுத்தைப் பற்றியும் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பைப்படியில் நான் வந்தால் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள், நான் நகர்ந்த பிறகு வந்து எடுத்துக்கொள்கிறாள். அவள் மேல் குற்றமில்லை. உன் மேல் அவளுக்கு ஒன்றும் இல்லை, போன வாரம் அம்மாவிடம், செல்லையா தம்பிக்கு விஷயம் தெரியுமா, தெரிந்தால் எழுதியிருப்பானே என்று கேட்டாளாம். மாமாவைப் பற்றி உனக்கு என்னென்ன ஞாபகம் இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுது, நீளமாக எழுது, பெரிய மகள் படித்துக் காட்டுவாள். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மாடசாமி.

அடுத்த மாசத்திலிருந்து விலாசம்: மே/பா நசுருதீன், லோரி பட்டறை, ஈப்போ, பேராக்.